அழித்து அழித்து ஒரு ராயபுரம்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க கை, மூக்கு, லுங்கி எல்லாம் கரி. வெள்ளைத் தாளில் கரியால் வரைவதுதான் இத்தனை நாள் பழக்கம், இந்த முறை தலைகீழ். வில்லோ மரக் கரிக்குச்சியைப் படுக்கப்போட்டுத் தாள் முழுக்கத் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்து ஒரே சாம்பலாக்கிவிட்டு, அப்புறம் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் ரப்பரால் எடுத்துக்கொண்டே வந்தேன். படம், நம்ம ராயபுரம் ஸ்டேஷன் முகப்பு, 1856-இல் திறந்தது.

அந்தத் தூண்கள் இருக்கிறதே! தூணை வரையப் போனால் கோணிக்கொள்கிறது. இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கும் இருட்டின் வடிவத்தைப் பார்த்து அதை மட்டும் விட்டுவைத்தால், தூண் தானாக வந்து நிற்கிறது. களிமண் மாதிரி பிசைகிற ரப்பரை ஊசிமுனையாக இழுத்து ஒற்றினால் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெயில் கோடு. தேய்த்தால் போச்சு, ஒற்றத்தான் வேண்டும்.

ஆர்வக்கோளாறில் ஓரிடத்தில் கம்ப்ரெஸ்டு கரியை, அதாவது பொடியைப் பசையோடு அழுத்திச் செய்த கரியை, போட்டுத் தொலைத்தேன், என்ன செய்தும் முழுசாகப் போகவில்லை. சரி, அங்கே ஒரு ஆட்டோ நிற்கட்டும்.

அம்மா எட்டிப் பார்த்து, "அழிக்கிறதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவ் ஸ்ப்ரே அடிக்கும்வரை ஃபேன் போடக்கூடாது என்றதில்தான் வீட்டில் சண்டை.