காட்பாடியில் நிற்காத விமானம்

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, வெயிட்டிங் லிஸ்ட் நகராத ஒரே காரணத்தால், தங்கை மகளின் காதணி விழாவுக்குச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு முதன்முறையாக விமானத்தில் வரச் சம்மதித்தார். பயணச்சீட்டைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரயில் பாதை ஏறத்தாழ 360 கிலோமீட்டர் என்பது அவருக்கு மனப்பாடம். மீனம்பாக்கத்திலிருந்து தேவனஹள்ளிக்கு நேர்கோடு போட்டால் 270 கிலோமீட்டர்தான் என்றும், விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் என்றும் நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன்.

"அப்படின்னா இருபது நிமிஷம். ஒரு மணி அஞ்சு நிமிஷம் போட்டிருக்கான். மிச்ச நேரம் எங்க நிக்குது, காட்பாடியிலயா?"

விமானத்தில் அமர்ந்ததும் சட்டைப் பையிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தார். ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் 7:04க்கு நகர்ந்தது. 7:19க்குத்தான் தரையை விட்டு எழும்பியது. இரண்டையும் எழுதி, பதினைந்து நிமிடத்தின் கீழே கோடு கிழித்தார். நகரத் தொடங்கும் நொடி முதல் அந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் நொடி வரை எல்லாமே பயண நேரக் கணக்கில் சேரும் என்பதையும், இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதால் முழு வேகத்தில் அதிக நேரம் பறக்க இயலாது என்பதையும், பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர்தான் வேக வரம்பு என்பதையும் விளக்கினேன்.

"ஓ, காஷன் ஆர்டர்" என்றார்; குறிப்பிட்ட இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லும் ரயில்வே உத்தரவு அது. என் விளக்கம் முழுவதும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

7:52க்குத் தரையிறங்கி 7:58க்கு நின்றோம். குறித்த நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதாகப் பணிப்பெண் பெருமையோடு அறிவித்தபோது, சுற்றியிருந்தவர்கள் மகிழ, அப்பா மட்டும் திருடனைப் பிடித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் அட்டவணையில் கூடுதல் நிமிடங்களைச் செருகி வைத்து, தாமதமான வண்டியையும் ரைட் டைமில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வித்தையில் அவருக்கு முப்பது ஆண்டு அனுபவம். "இங்கயும் அதே கணக்குதான்டா!" என்ற குரலில் கண்டனத்தைவிடப் பாசமே மிகுந்திருந்தது.

பெட்டி வந்து, டாக்சி பிடித்து, ஹெப்பால் சந்திப்பின் நெரிசலில் காத்துக் கிடந்து, ஜெயநகர் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி 10:35. விடியற்காலை 4:20க்குப் பெரம்பூரிலிருந்து கிளம்பியவர்கள் நாங்கள். தங்கை நீட்டிய காபியைக்கூட வாங்காமல் அப்பா குறிப்பேட்டை முடித்துக்கொண்டிருந்தார். மொத்தம் 6 மணி 15 நிமிடம். அதில் ஆகாயத்தில் 33 நிமிடம். தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில், கோணாத கையெழுத்தில் இப்படி இருந்தது: "ஹெப்பால் அவுட்டரில் சிக்னல் கிடைக்கவில்லை, 40 நிமிடம்."