மறைந்துபோன ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளை வெள்ளையர் கல்லூரிகளின் போட்டிகளில் சேர்க்காத காலத்தில், அவை தமக்கென அமைத்துக்கொண்ட கூட்டமைப்புகளில் ஒன்று மிட்வெஸ்டர்ன் அத்லெடிக் அசோசியேஷன். ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸ், கென்டக்கி ஸ்டேட், மிசூரியின் லிங்கன், நாஷ்வில்லின் டென்னசி ஏ அண்ட் ஐ ஆகியவை அதில் ஆடின.

அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜான் மெக்லெண்டன்தான் கண்முன் வருகிறார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றும், கறுப்பினத்தவர் என்பதால் அப்பல்கலைக்கழக அணியில் அவரால் ஆட முடியவில்லை. பின்னாளில் டென்னசி அணியின் பயிற்றுநராகப் போட்டிக்காகக் கன்சாஸ் சிட்டிக்குச் சென்றபோது, மற்ற அணிகள் தங்கும் நகர மையத்து ஓட்டல்களிலேயே தம் பிள்ளைகளும் தங்கவும் உண்ணவும் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அந்தப் பிள்ளைகள் 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, கல்லூரிகளுக்கிடையேயான விளையாட்டுச் சங்கமான என்ஏஐஏவின் தேசியப் பட்டத்தை வென்றார்கள். அதற்குமுன் எந்த அணியும் தொடர்ச்சியாக மூன்று முறை அதை வென்றதில்லை.

பொதுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அளித்த 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு கதவுகள் மெல்லத் திறக்க, உறுப்புக் கல்லூரிகள் வேறு வேறு அமைப்புகளை நாடின. 1960களில் கூட்டமைப்பு கலைந்தது. கலைந்ததில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அதன் ஆட்டக் குறிப்புகளைத் தேடினால் அன்றைய கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களையே பெரிதும் புரட்ட வேண்டியிருப்பது மனத்தை உறுத்துகிறது.