தூக்கக் குளிசை இல்லம்மா

ஜூன் 3

அப்பா போய் நாலு மாதம். அம்மா இரவு இரண்டு மணிக்கே எழும்பி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்துவிடுகிறார். தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணிக்குப் பழகிய உடம்பு, அதுதான் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ரொட்டியில் பாதி நாய்க்குப் போகிறது. இன்று கிளினிக்கில் நிறை பார்த்தார்கள், 41 கிலோ. டாக்டரம்மா நிறைய நேரம் பேசினார். அப்புறம் கொப்பியில் எழுதினார்: மிர்டசபின் 15 மில்லிகிராம், இரவு ஒன்று. அங்கே கையிருப்பு இல்லை, வெளியே எடுக்கச் சொன்னார்கள். வெளியே என்றால் நான் வேலை செய்யும் பாமசிதான்.

ஆறு வருடமாக ஹட்டனில் இந்தக் குளிசையைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கிறேன். "ராவைக்கு ஒன்னு, நல்லா தூக்கம் வரும்." சொல்வது அவ்வளவுதான். அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

ஜூன் 4

காலை ஒன்பது மணியாகியும் அம்மா எழும்பவில்லை. லயத்தில் பக்கத்து அறை, பக்கத்துக் காம்பிரா மாமி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூச்சு சீராகத்தான் இருந்தது. இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே 20 முதல் 40 மணி நேரம் ஆகும். நேற்றுப் போட்டது இன்று இரவும் உள்ளே இருக்கும். அதனால்தான் ஒரு நாளைக்கு ஒன்று போதும். முதல் நாட்களில் காலையில் தலை கனப்பதும் அதனால்தான்.

எனக்குப் பயம் வேறு. கக்கூஸ் பதினாலு படி கீழே. மழையில் படியெல்லாம் பாசி. படுத்தவர் சட்டென்று எழும்பினால் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். கட்டிலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்பச் சொன்னேன். ராத்திரிக்கு வாளி ஒன்றை உள்ளேயே வைத்தேன். "நான் என்னா சின்னப் புள்ளயா?" என்றார்.

ஜூன் 9

அம்மா இன்று பருப்புக்கறி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

சந்தோஷம்தான், ஆனால் இது மனசு தேறியதால் வந்த பசி இல்லை என்று எனக்குத் தெரியும். தடிமனுக்குப் பிரிட்டோன் போட்டால் கண்ணைச் செருகுமே, மூளையை விழிக்க வைக்கும் அதே ஹிஸ்டமின் கதவைத்தான் இதுவும் பூட்டுகிறது, இன்னும் இறுக்கமாக. தூக்கமும் பசியும் அந்த வழியாக முதல் வாரத்திலேயே வந்துவிடும். உண்மையான வேலை மனச்சோர்வைத் தேற்றுவது, அதற்கு இரண்டு முதல் நாலு வாரம் வேண்டும்.

அந்த வேலையைத் தண்ணீர்த் தாங்கியை வைத்து நான் விளங்கிக்கொண்டேன். தாங்கி நிறைந்ததும் மிதவைப் பந்து மேலே வந்து குழாயை அடைக்கும். நரம்பு நுனிகளும் அப்படித்தான், நோரட்ரினலின் என்ற செய்தி கடத்தும் பொருளைச் சுரந்து கொஞ்ச நேரத்தில் 'போதும்' என்று தங்களையே அடைத்துக்கொள்ளும். ஆல்ஃபா-2 என்ற அந்தப் பந்தை இந்தக் குளிசை கீழே அமுக்கிப் பிடிக்கிறது. நோரட்ரினலினும், அதைப் போன்ற இன்னொரு பொருளான செரட்டோனினும் கூடுதலாக ஊறும். செரட்டோனின் போய் உட்காரும் இடங்களில் குமட்டலைக் கிளப்பும் ஒன்றையும் இது மூடிவிடுகிறது. மனச்சோர்வுக்கான மற்றக் குளிசைகளான புளுவொக்செட்டின், செர்ட்ரலின் எடுப்பவர்கள் முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டுகிறது என்று எங்கள் கவுண்டருக்கு வந்து முறையிடுவார்கள். இதில் அது குறைவு. சோறு இறங்காத அம்மாவுக்கு டாக்டரம்மா இதை எழுதியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நெதர்லாந்தில் 1994இல் விற்பனைக்கு வந்த மருந்து. சாப்பிடாமல் மெலிந்துபோகும் பூனைகளுக்குக் காதின் உட்பக்கம் தடவும் களிம்பாக இதே மருந்து அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்றது. அம்மாவிடம் சொன்னேன். நாலு மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

ஜூன் 13

குளிசை அட்டையை எண்ணினேன். கணக்கு உதைத்தது.

"தூக்கந்தான் வந்துருச்சே புள்ள, பாதி போதும்னு ஒடச்சிப் போட்டேன். மாமி வீட்டுக்காரருக்கும் தூக்கமில்லியாம், ரெண்டு குடுத்தேன்."

அந்த அண்ணன் சம்பள நாளென்றால் கசிப்பில்லாமல் வீடு திரும்ப மாட்டார். மதுவும் இதுவும் சேர்ந்தால் ஒன்றின் மயக்கத்தை மற்றது ஏற்றிவிடும். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். நல்லகாலம், இரண்டும் சாமிப்படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தன.

அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. தூக்கக் குளிசை என்று பெயர் வைத்துக் கொடுத்தவள் நான். தூக்கம் வந்ததும் பாதியாக்குவதும், தூக்கமில்லாத இன்னொருவருக்குக் கொடுப்பதும் அந்தப் பெயருக்கு நியாயம்தானே?

ஜூன் 17

பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதே குளிசை எழுதிய மருந்துத் துண்டு. கூட வந்த அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாகும் எண்ணம் கூடலாம், பக்கத்தில் இருந்து பாருங்கள், பேச்சு மாறினால் உடனே டாக்டரிடம் போங்கள். மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் உறையில் எழுதினேன். பின்னால் நின்றவர்களுக்கு எரிச்சல். இருக்கட்டும்.

ஜூன் 22

அம்மாவுக்குக் காய்ச்சல், தொண்டை நோவு. இந்த மழைக்கு லயத்தில் பாதிப்பேருக்கு இதுதான். ஆனால் மிர்டசபின் எடுப்பவர்களுக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வாய்ப்புண்ணும் வந்தால் சும்மா விடக்கூடாது. மிக அரிதாக, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை இந்த மருந்து அடியோடு குறைத்துவிடும். அனுமதிக்கு முந்திய பரிசோதனைகளில் 2,796 பேரில் இரண்டு பேருக்கு அப்படி ஆனது. அரிதுதான், தெரியும். மூன்றாவது ஆள் என் அம்மாவாக இருந்தால்?

மழையிலேயே ஓட்டோ பிடித்து இரத்தம் கொடுத்தோம். பின்னேரம் ரிப்போர்ட் வந்தது: வெள்ளை அணுக்கள் 7,600. வெறும் தடிமன். வயதானவர்களுக்கு உப்பும் இறங்கலாம் என்று சோடியமும் பார்க்கச் சொல்லியிருந்தேன், அதுவும் சரி. ஓட்டோக் காசைக் கேட்டதும்தான் அம்மாவுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது.

ஜூலை 1

கிளினிக். தூக்கமும் சாப்பாடும் பரவாயில்லை, மனசு மட்டும் அசையவில்லை. அப்பாவின் கம்பளியை மடித்து மடித்து வைக்கிறார். டாக்டரம்மா 30 மில்லிகிராம் ஆக்கினார்.

ஜூலை 5

"ரெண்டு மடங்கு போட்டும் முன்ன மாதிரி அசத்தல. ஏமாத்துக் குளிசையா?"

இதைத்தான் எதிர்பார்த்தேன். சிறிய அளவில் ஹிஸ்டமின் பூட்டுத்தான் மேலோங்கி நிற்கும். அளவு கூடும்போது நோரட்ரினலின் எழுப்பி விடுவதால் மயக்கம் கொஞ்சம் தணியலாம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, அம்மாவுக்கு ஆகியிருக்கிறது. இந்தத் தடவை நிதானமாகச் சொன்னேன்: இது தூக்கக் குளிசை இல்லம்மா, மனசுக்கு. நல்லா ஆன பிறகும் ஆறு மாதமாவது போடணும். நிறுத்துவதென்றாலும் டாக்டரம்மா சொல்லித்தான், படிப்படியாக. சட்டென்று விட்டால் தலைசுற்றும், குமட்டும், மனசு பதறும்.

"மனசுக்குன்னா வெளிய சொல்லாத புள்ள," என்றார்.

ஜூலை 14

நிறை 44 கிலோ. இன்னும் ஏறினால் கொஞ்சம் கவனிக்க வேண்டும், இந்த மருந்து அதில் பெயர்போனது.

சாயந்திரம் வரும்போது அம்மா தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மாமியோடு பேசிக்கொண்டு நின்றார். அப்பாவின் கம்பளி துவைத்துக் கொடியில் கிடந்தது. இந்த மழையில் எப்படிக் காயும் என்று கேட்டேன். "காயறப்ப காயட்டும். ஜாக்கெட்டு கை புடிக்குது, நாளைக்கு டவுன்ல துணி எடுத்துட்டு வா," என்றார்.