எண்களாகிப் போன கோப்புப் பெயர்கள்: முனையத்தில் தமிழை மீட்ட அனுபவம்

மூன்று நாள்களும், கும்பகோணத்துக்கு ஒரு வீண் பயணமும், 350 ரூபாயும் போன பிறகு, நேற்று இரவுதான் என் கணினியின் முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ‘நொச்சி’ என்ற சொல் ‘நொச்சி’யாகவே தெரிந்தது. இதே இக்கட்டில் அகப்படும் இன்னொருவர், யாரோ சொன்னார் என்று வன்தட்டை அழித்துவிடக் கூடாது என்பதால், நடந்ததை நினைவு மங்குமுன் எழுதி வைக்கிறேன்.

அம்மா விட்டுச் சென்ற கைவைத்தியக் குறிப்பேடுகளை ஒரு வருடமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் வரும் மூலிகையின் பெயரையே தமிழில் கோப்புப் பெயராக இட்டு வருகிறேன். கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம். கோப்புகள் 640ஐத் தாண்டியதும், பெயர்களை மொத்தமாகப் பட்டியலிடலாம் என்று முனையத்தைத் திறந்து எல்எஸ் கட்டளையைக் கொடுத்தேன். பெயர்களுக்குப் பதிலாக 340, 256, 250 என்று பின்சாய்வுக் கோடுகளால் பிரிக்கப்பட்ட எண்கள் திரை முழுவதும் ஓடின. அதுவரை முனையத்தில் நான் தொட்டவை எல்லாம் ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்புகளே என்பதால், இந்தக் கோளாறு எத்தனை நாளாக இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. ஸ்கேன் செய்யும்போதே உதிர்ந்துபோன பக்கங்கள் சில உண்டு. அவற்றுக்கு இந்தக் கோப்புகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அன்றைக்கு என்னிடம் இரண்டாவது பிரதியும் இல்லை.

பதற்றத்தில் கணினிப் பெட்டியைத் துணியில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் முனையத்தில் ஓடிய எண்களை ஒரு நிமிடம் பார்த்தார். “ஃபைல் பேரெல்லாம் கரப்ட் ஆயிடுச்சு மேடம், ஃபார்மேட் பண்ணி ஓஎஸ்ஸை மறுபடி போட்டாத்தான் சரியாகும்” என்றார். பிரதி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கோப்பு மேலாளரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தால் அதில் எல்லாப் பெயர்களும் ஒழுங்கான தமிழில் இருந்ததைக் கண்டிருப்பார். நான் மறுத்ததும், பார்த்ததற்கு மட்டும் 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தைவிட, அவர் சொன்னதற்கு நான் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் இன்னும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லாக் கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் படியெடுத்தேன். பிறகு தமிழ் எழுத்துருக்களை நிறுவினேன். எந்தப் பயனும் இல்லை. இதில் ஓர் அடையாளத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு மாலைப் பொழுது மிச்சமாகும். எழுத்துரு இல்லாவிட்டால் தெரிபவை வெற்றுக் கட்டங்கள். யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாகத் தவறாகப் படித்தால், தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் திரும்பத் திரும்ப வரும். எனக்கு வந்ததைப் போல எண்களோ, ஓர் எழுத்துக்கு மூன்று கேள்விக்குறிகளோ வந்தால், ‘இந்த பைட்டுகளை எழுத்தாகக் காட்ட எனக்கு அனுமதி இல்லை’ என்று எல்எஸ் சொல்வதாகப் பொருள். லொகேல் அமைப்பை, அதாவது மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் கணினிக்குச் சொல்லும் அமைப்பைத்தான், பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துக்கான ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட்டுகள் தேவை. 340, 256, 250 என்ற எட்டடிமான (ஆக்டல்) எண்கள் மூன்றும் சேர்ந்ததுதான் ‘ந’. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்திருந்தால், அம்மாவின் நொச்சி அங்கேயே பழுதில்லாமல் இருந்தது முதல் நாளே எனக்குப் புரிந்திருக்கும்.

பெயர்களின் குறியாக்கத்தை மாற்றித் தரும் கான்வ்எம்வி என்ற கருவியை அடுத்து முயன்றேன். இது கவனமாகக் கையாள வேண்டிய கருவி. நல்ல வேளையாக, ‘நோடெஸ்ட்’ என்ற தெரிவைத் தனியாகக் கொடுத்தால் ஒழிய அது எந்தக் கோப்பையும் தொடாது. என்ன செய்யும் என்பதை மட்டும் காட்டும். எனக்கு அது காட்டியதெல்லாம் ‘ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக உள்ளது, தவிர்க்கிறேன்’ என்ற ஒரே செய்தி, ஒவ்வொரு கோப்புக்கும். மூன்று நாளில் நான் படித்த முதல் நல்ல செய்தி அதுதான். கோப்புகளில் குறையே இல்லை, குறை காட்டும் இடத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது.

லொகேல் கோப்பில் தமிழுக்கான வரியைச் செயல்படுத்தி, லொகேல்களை உருவாக்கும் லொகேல்-ஜென் கட்டளையை ஓட்டினேன். அது சிக்கலின்றி முடிந்தது. மொழியைக் குறிக்கும் லாங் என்ற மாறியில் தமிழை இட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்தேன். எண்கள் அப்படியே இருந்தன. உண்மையில் தமிழைப் பார்க்கத் தமிழ் லொகேல் கட்டாயமே இல்லை. யூடிஎஃப்-8 கொண்ட எந்த லொகேலும், ஆங்கிலமாக இருந்தாலும், போதும். அப்படியிருக்க ஏன் மாறவில்லை என்பதற்கான விடை, லொகேல் என்ற கட்டளை தரும் பட்டியலின் கடைசி வரியில் இருந்தது. நான் மேல் வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் மேற்கோள் குறிக்குள் வருபவை வேறொன்றிலிருந்து பெறப்பட்ட மதிப்புகள். மேற்கோள் இல்லாமல் வருபவை யாரோ வெளிப்படையாக இட்டவை. எல்சி-ஆல் என்ற கடைசி மாறிக்கு மேற்கோள் இல்லாமல் ‘சி’ என்று, அதாவது ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த அடிப்படை லொகேல், இருந்தது. எல்சி-ஆல் ஒன்று இருந்துவிட்டால், லாங்கில் எதை எழுதினாலும் அது எடுபடாது.

பாஷ் என்ற ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அதைப் படிக்காமல் புதிய பாஷைத் தொடங்கச் செய்யும் ‘நோஆர்சி’ தெரிவுடன் சோதித்தேன். எண்கள் மாறாததால் அந்தக் கோப்பு குற்றமற்றது என்று முடிவு செய்து, அரை நாளை வேறிடங்களில் தேடிக் கழித்தேன். இந்தச் சோதனை ஏமாற்றக்கூடியது. ஏற்றுமதி செய்யப்பட்ட மாறியைத் தாய் ஷெல்லிலிருந்து புதிய ஷெல் அப்படியே பெற்றுக்கொள்கிறது. கோப்பைப் படிக்காவிட்டாலும் மதிப்பு உள்ளே வந்துவிடுகிறது. சரியான சோதனை, என்வ் கட்டளையின் ‘யு’ தெரிவால் எல்சி-ஆல் மாறியை நீக்கி, அந்த நிலையில் எல்எஸ் ஓட்டுவது. அப்படி ஓட்டியதும் நொச்சி, தூதுவளை, ஆடாதொடை என்று பெயர்கள் வரிசையாகத் தமிழில் வந்து நின்றன. நான் சத்தமாகவே படித்தேன்.

அதன்பின் சொல் தேடும் கிரெப் கட்டளை கொண்டு வீட்டு அடைவின் மறைகோப்புகளில் தேடியபோது, பாஷ்ஆர்சியின் அடிப்பகுதியில் எல்சி-ஆலுக்குச் ‘சி’ என இடும் வரி கிடைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஆங்கிலப் பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்தும்போது நானே சேர்த்த வரி அது. அத்தகைய தேவைக்குக் கட்டளையின் முன்னால் அந்த மாறியை எழுதினால் போதும். அது அந்த ஒரு கட்டளையோடு முடிந்துவிடும். மேலும், ‘சி’ முறையில் தமிழை வரிசைப்படுத்தினால் யூனிகோடு எண் வரிசையே வரும்: ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’வும் நிற்கும், நெடுங்கணக்கு குலைந்துவிடும். மூலிகை அகராதி போல ஒன்றைத் தொகுப்பவருக்கு அது பெரிய இடர்.

வரியை நீக்கியதும் பெயர்கள் வந்தன, ஆனால் நான் பயன்படுத்திய முனையத்தில் கொம்புகள் எழுத்தை விட்டு விலகி நின்றன. முனையம் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவதால் நேர்வது இது. லொகேலைத் திருத்தி இதைத் தீர்க்க முடியாது. கான்சோல் என்ற முனையத்துக்கு மாறியபின் என் கண்ணுக்கு உறுத்தல் இல்லை.

பெயர்கள் தெரியத் தொடங்கியதும், ஒரே அடைவில் ‘நொச்சி’ இரண்டு முறை இருப்பது தெரிந்தது. ஒன்று என் தம்பி ஸ்கேன் செய்து அனுப்பியது. என்னுடையதில் ஒகரக் குறி ஒரே யூனிகோடு குறியாக இருந்தது. அவனுடையதில் எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கோ பெயர் என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே என்பதால், 18 பைட்டு கொண்டது ஒரு பெயர், 21 பைட்டு கொண்டது வேறொரு பெயர். இப்படி இருந்த இரட்டைகளை முதலில் திறந்து பார்த்து, வேறு வேறு பக்கங்களானவற்றுக்கு எண் சேர்த்தேன். பிறகு அதே கான்வ்எம்வியை, பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் ‘என்எஃப்சி’ தெரிவுடன் ஒருமுறை சோதனையாக ஓட்டி, வரி வரியாகப் படித்து, பென் டிரைவ் பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, அதன்பின்தான் ‘நோடெஸ்ட்’ கொடுத்தேன். இப்போது முனையத்தில் ‘நொச்சி’ என்று தேடினால் தம்பி அனுப்பிய பக்கமும் நான் எடுத்த பக்கமும் ஒன்றாக வருகின்றன.