பதினாலரை காலர்

ஜனவரி 20
காசநோய் மாத்திரை தொடங்கிச் சரியாக இரண்டு வாரம். இன்று எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் ஆரம்பம். நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான சிடி4, எனக்கு 46தான், மிகவும் குறைவு. காலை வெறும் வயிற்றில் மூன்று காசநோய் மாத்திரைகள், இரவில் கூட்டு மாத்திரை. அதிலிருக்கும் டோலுடெக்ராவிர் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தனியாக இன்னொன்று. காசநோய் மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் அதன் வேகத்தைக் குறைத்துவிடுமாம்.

பிப்ரவரி 1
காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது. கடை திறந்து இரண்டு சட்டை வெட்டினேன்.

பிப்ரவரி 5
மேல் பொத்தான் போட முடியவில்லை. தையற்காரனுக்குத் தன் கழுத்தளவு தெரியாதா? பதினாலரை. டேப்பைச் சுற்றிப் பார்த்தால் பதினைந்தே கால். புளியங்கொட்டை போலிருந்த கழுத்து நெறிக்கட்டி, எலுமிச்சங்காயாகத் திரண்டிருக்கிறது. மறுபடியும் 102 டிகிரி காய்ச்சல்.

பிப்ரவரி 6
"இந்த மாத்திரைக்குப் பிறகுதானே எல்லாம்? ரெண்டு நாள் நிறுத்திப் பாருங்களேன்" என்றாள் மனைவி. நியாயமான சந்தேகம். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் விழுங்கினேன். தெளிவெல்லாம் இல்லை, வெறும் பிடிவாதம்.

பிப்ரவரி 8
"மாத்திரையை நிறுத்தினீர்களா?" இதுதான் டாக்டரின் முதல் கேள்வி. இல்லை என்றதும் அவர் முகம் தளர்ந்தது. கட்டியில் ஊசி குத்தி இழுத்தார், திரிந்த பால் மாதிரி வந்தது. மருந்துக்கு அடங்காத காசநோயா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

பிறகு ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார். இறங்குவது எச்.ஐ.வி. வைரஸ், ஏறுவது சிடி4. இரண்டும் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி. "நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்." இத்தனை நாள் காசநோய்க் கிருமி இருந்தும் எதிர்க்க உடம்பில் தெம்பில்லை. வைரஸ் அடங்கியதும் தெம்பு வந்து, செத்த கிருமியின் மிச்சத்தைக்கூட விடாமல் பாய்கிறது. வீக்கமும் காய்ச்சலும் அதனால்தான். ஐரிஸ் என்று பெயராம். சிடி4 மிகவும் குறைந்தவர்களுக்கு, முதல் சில வாரங்களில் இது அதிகம் வருமாம்.

பிப்ரவரி 11
மருந்துக்கு அடங்கும் கிருமிதான். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் எழுதிக் கொடுத்தார். கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம் கணக்கில் இரண்டு வாரம், அப்புறம் பாதியாக இரண்டு வாரம். மற்ற மாத்திரைகள் எதிலும் கை வைக்கக் கூடாது.

முன்பே தடுத்திருக்க முடியாதா என்று கேட்டேன். கேப் டவுனில் 240 பேரிடம் செய்த ஆய்வைச் சொன்னார், 2018-இல் வெளியானது. கூட்டு மருந்தோடு நான்கு வாரம் அதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோன் சாப்பிட்ட 120 பேரில் 39 பேருக்கு இது வந்தது. சாப்பிடாத 120 பேரில் 56 பேருக்கு. அந்த 39-இலும் நான் இருந்திருக்கலாம். அது போகட்டும். கழுத்து வீங்கலாம், பயப்படாமல் ஓடி வா என்று முதல் நாளே ஒரு வரி சொல்லியிருக்கலாமே! மாத்திரை தவறக்கூடாது என்பதை மட்டும் நான்கு முறை சொன்னார்கள்.

பிப்ரவரி 26
காய்ச்சல் இல்லை. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள், கூடவில்லை. இன்று முதல் பாதி அளவு. கழுத்து பதினாலே முக்கால். பொத்தான் விழுகிறது, ஆனால் உறுத்துகிறது. பசிதான் தாங்கவில்லை. இரவு பதினோரு மணிக்கு நான்காவது தோசை கேட்டேன். மாவு தீர்ந்துவிட்டது என்றாள். பாத்திரத்தைத் திறந்து காட்டச் சொன்னேன், காட்டவில்லை.