கல்லறை மேல் ஏறிய பிரசங்கம்: எப்வர்த், பிரிஸ்டல் யாத்திரை

மெதடிஸ்த சபையின் பிறப்பிடங்களைத் தரிசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் லண்டன் சிட்டி ரோடு ஆலயத்தில் தொடங்குகிறார்கள். அது 1778-ல் திறந்த ஆலயம். அதற்குள் கல்லடியும் வசையும் ஓய்ந்து, சபை வேர் பிடித்துவிட்டது. அந்த வேர் எந்தப் பாறையைப் பிளந்து இறங்கியது என்று உணர வேண்டுமானால் முதலில் எப்வர்த், அடுத்து பிரிஸ்டல், கடைசியில் லண்டன். முதல் இரண்டு ஊருக்கும் சேர்த்து மூன்று நாள் ஒதுக்குங்கள். லண்டனுக்கு ஒரு நாள் போதும்.

புறப்படுமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊரும் ஒரு குருவின் பங்கு. நம் சேகரம் மாதிரி, ஆனால் சட்டத்தின் பலத்தோடு. அவர் அனுமதி இல்லாமல் வேறொரு குரு அங்கே பீடம் ஏற முடியாது. ஆலயத்துக்கு வெளியே ஜெபவீடு நடத்த 1689-ம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அது அரசுத் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்களுக்கான சலுகை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியோ 1728-ல் அதே திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர்; தன்னைப் பிரிந்தவன் என்று எழுதிக் கொடுக்க மனமில்லாதவர். உள்ளே பீடம் இல்லை, வெளியே உரிமம் இல்லை. இந்த நெருக்கடிதான் நாம் பார்க்கப்போகும் எல்லா இடங்களிலும் இருக்கிறது.

எப்வர்த், லிங்கன்ஷயரில் சிற்றூர். ரயில் கிடையாது. டான்காஸ்டர் நிலையத்தில் இறங்கி, சுமார் 22 கிலோமீட்டர் சாலை வழியாகப் போக வேண்டும். பேருந்து குறைவு, மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வாடகைக் கார்தான். வெஸ்லி குடும்பத்தின் குருமனை இப்போது அருங்காட்சியகம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் திறக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம். 1709 பிப்ரவரி 9 இரவு பழைய குருமனை எரிந்தது. மாடியில் சிக்கிய ஐந்து வயது ஜானை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். ‘அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி’ என்ற சகரியா வசனத்தைப் பின்னாளில் அவர் தன்மேல் ஏற்றிச் சொன்னது இதனால்தான். இன்று நிற்பது தீக்குப் பின் கட்டிய செங்கல் வீடு.

இந்த வீட்டின் சமையலறையில் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். சர்ச்சையின் முதல் பொறி இந்த வீட்டில் பறந்தது. பற்றவைத்தவர் தாய் சுசன்னா. 1711-12 குளிர்காலத்தில் கணவர் சாமுவேல் லண்டனில் இருந்தபோது, பிள்ளைகளுக்காக அவர் நடத்திய மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, இருநூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். உதவிக் குரு புகார் எழுதினார். நிறுத்தும்படி கணவரிடமிருந்து கடிதம் வந்தது. ‘நிறுத்துவது உங்கள் விருப்பம் என்று சொல்லாதீர்கள், கட்டளையாகவே அனுப்புங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என்மேல் வராதபடி’ என்ற கருத்தில் சுசன்னா பதில் எழுதினார். கட்டளை வரவே இல்லை.

குருமனையிலிருந்து நடக்கும் தூரத்தில் புனித அந்திரேயா ஆலயம். சாமுவேல் வெஸ்லியின் கல்லறை ஆலயத்தின் தென்புறம், வெளியே இருக்கிறது. மேசை போல உயர்ந்த கல். உள்ளே தேடிவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. தென்பக்கச் சுவரை ஒட்டிப் போங்கள்.

1742 ஜூன் 6, ஞாயிறு. ஊருக்கு வந்த வெஸ்லி, ஆராதனை நடத்தவோ பிரசங்கிக்கவோ உதவுவதாக உதவிக் குரு ஜான் ராம்லியிடம் கேட்டார். மறுப்பு. அன்று பிற்பகல் ராம்லி, மெதடிஸ்தர்மேல் சுமத்தப்பட்ட பழியான ‘ஆவேச பக்தி’க்கு எதிராகவே பிரசங்கம் செய்தார்; வெஸ்லி கீழே உட்கார்ந்து கேட்டார். மாலை ஆறு மணிக்கு ஆலய முற்றத்தில், தந்தையின் கல்லறைமேல் ஏறி நின்று, ‘தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது’ என்ற வசனத்தின் பேரில் பேசினார். ஊர் அதுவரை பார்த்திராத கூட்டம். அடுத்த ஞாயிறு வரை எட்டு மாலைகள் இது தொடர்ந்தது. அடுத்த ஜனவரியில் ராம்லி அவருக்குத் திருவிருந்தும் மறுத்தார். ஞானஸ்நானம் பெற்று, தந்தைக்கு உதவியாகப் பணியும் செய்த ஊரில் அப்பமும் ரசமும் இல்லை என்றால் ஒரு குருவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

கல்லில் இரண்டு தடங்கள் தெரியும். வெஸ்லியின் காலடி என்று சொல்வார்கள். அது கல்லிலேயே உள்ள இரும்புக் கனிமக் கறை. பக்தி மிகுதியில் சிலர் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். கல் தேய்கிறது, தயவுசெய்து வேண்டாம். ரோமர் 14:17-ஐ உரக்க வாசியுங்கள், தமிழிலேயே. அதுவே அந்த இடத்துக்கு ஏற்ற வழிபாடு.

இனி பிரிஸ்டல். டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து பிராட்மீட் கடைவீதிக்கு இருபது நிமிட நடை. வெஸ்லி கட்டிய ‘நியூ ரூம்’ ஆலயம் அங்கே கடைகளுக்கு இடையே ஒடுங்கியிருக்கிறது. வாசலைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவது எளிது. குதிரைமேல் வெஸ்லி அமர்ந்த வெண்கலச் சிலைதான் அடையாளம். ஆலயத்துக்குக் கட்டணமில்லை, மாடி அருங்காட்சியகத்துக்கு உண்டு. ஞாயிறு பொதுவாக மூடியிருக்கும்.

1739 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலில் வெஸ்லி முதன்முறையாக வெட்டவெளியில் பிரசங்கித்தார். ‘தரித்திரருக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும்படி’ என்ற லூக்கா வசனம்; மூவாயிரம் பேர் என்று தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். அவருடைய நண்பரும் சக குருவுமான ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் பிப்ரவரியிலேயே கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே இதைத் தொடங்கியிருந்தார். அதைக் கண்டு வெஸ்லி முதலில் கூசினார். ஆத்தும இரட்சிப்பு ஆலயத்துக்கு வெளியே நடந்தால் பாவம் என்றே ஏறக்குறைய நினைத்திருந்தவர் அவர். கிங்ஸ்வுட் பக்கம் ஹானம் மவுண்ட்டில் நினைவுப் பீடம் இருக்கிறது. அரை நாள் கூடுதலாக இருந்தால் போய் வரலாம்.

நியூ ரூமுக்கு 1739 மே 12-ல் அடிக்கல். முதலில் வெஸ்லி பதினொரு பேரை அறங்காவலர்களாக வைத்தார். கணக்கு உடனே இடித்தது: நூற்றைம்பது பவுனுக்கு மேல் கடன், வசூலானது அதில் கால் பங்குகூட இல்லை. கூடவே ஒயிட்ஃபீல்ட் எச்சரித்தார்: கட்டடம் அவர்கள் கையில் இருந்தால், பிரசங்கம் பிடிக்காதபோது உங்களையே வெளியேற்றிவிடுவார்கள். வெஸ்லி அந்தப் பத்திரத்தை ரத்து செய்து, கடனையும் பீடத்தையும் தன்மேல் எடுத்துக்கொண்டார். சபைச் சொத்து வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நன்றாகவே புரியும்.

அந்தக் கடனில்தான் மெதடிஸ்தத்தின் முதுகெலும்பு முளைத்தது. 1742 பிப்ரவரி 15-ல் கடனை அடைக்க யோசித்தபோது, வாரம் ஒரு பென்னி ஆளுக்குத் தரலாம் என்றார் ஒரு கப்பல் தலைவர். பலருக்கு அதுவும் முடியாதே என்றார்கள். மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார் அவர். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரந்தோறும் வீடு தேடிப் போதல். காசு வாங்கப் போனவர்கள் வீட்டின் நிலையைக் கண்டார்கள்: ஒருவர் குடித்துவிட்டு மனைவியோடு சண்டை, இன்னொருவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வசூல் ஏற்பாடு மேய்ப்புப் பணி ஆயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபை உறுப்பினர் சீட்டு. நடத்தை சரியில்லை என்றால் சீட்டு இல்லை. குழுவாகக் கூடிப் பாவத்தை ஒருவருக்கொருவர் சொல்வதைப் பார்த்து, இது கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனம் என்று எதிரிகள் கூச்சலிட்டதும் இதையொட்டித்தான். எக்ஸிட்டர் பேராயர் லாவிங்டன் 1749 முதல் எழுதி வெளியிட்ட நூலின் முழு வாதமும் இந்த ஒப்பீடுதான்.

உள்ளே நுழைந்ததும் இரண்டடுக்குப் பீடத்தைப் பாருங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள்: எண்கோண விளக்குக் கூண்டு வழியாக வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. மாடியில் பிரசங்கிகள் தங்கிய அறைகள். அங்கிருந்து அந்தக் கூண்டின் கண்ணாடி வழியே ஆலயத்தைக் குனிந்து பார்க்கலாம். ஜனக்கூட்டம் கல்லெறிந்த காலம் அது. 1743-ல் வெட்னஸ்பரியில் சபையாரின் வீடுகளையே உடைத்தார்கள். வெஸ்லியை ஊர் ஊராக இழுத்துப் போனார்கள்.

நியூ ரூமை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதி யாத்திரை. நகரத்தின் மறுபுறம் பிரிஸ்டல் பேராலயத்துக்கும் நடந்து போங்கள். பேராயர் ஜோசப் பட்லர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். 1739 ஆகஸ்டில் வெஸ்லியை அழைத்து, பரிசுத்த ஆவியின் அசாதாரண வரங்கள் தமக்கு உண்டென்று பாராட்டிக்கொள்வது ‘அருவருப்பானது, மிகவும் அருவருப்பானது’ என்றவர் அவர்; இந்தப் பேராயத்தில் உமக்கு வேலையில்லை, போய்விடும் என்றும் சொன்னார். பட்லர் ஆழ்ந்த சிந்தனையாளர். அறிவின் வழியாக விசுவாசத்தைக் காத்தவர். பிரிஸ்டல் கூட்டங்களில் மக்கள் அலறி விழுந்ததைக் கேட்டு அவர் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் கிங்ஸ்வுட் சுரங்கத்து மனிதனைத் தேடி யார் போனார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அங்கேயும் ஜெபம் செய்துவிட்டு வாருங்கள்.

உட்பூசலும் இதே ஊரில்தான். இரட்சிப்பு முன்குறிக்கப்பட்ட சிலருக்கே என்றார் ஒயிட்ஃபீல்ட். எல்லோருக்கும் என்றார் வெஸ்லி. அதைப் பிரசங்கிக்கலாமா என்று 1739-ல் சீட்டுப் போட்டுப் பார்த்தார் வெஸ்லி; ‘பிரசங்கி, அச்சிடு’ என்று வந்தது. 1741 மார்ச்சில் கிங்ஸ்வுட் சபை உடைந்தது. இருந்தும் 1770-ல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அப்படிச் செய்யும்படி முன்பே கேட்டுக்கொண்டவர் ஒயிட்ஃபீல்ட்தான்.

ஹாட்வெல்ஸ் பகுதியில் டௌரி சதுக்கம். 1784 செப்டம்பர் 1, 2 தேதிகளில் அங்கே ஒரு வீட்டில் வெஸ்லி தாமே கைவைத்து, அமெரிக்காவுக்கு இரண்டு குருமாரையும், கண்காணியாக தாமஸ் கோக்கையும் ஏற்படுத்தினார். அமெரிக்கப் போருக்குப் பின் அங்கே திருவிருந்து தரக் குருமார் இல்லை. லண்டன் பேராயர் ஒரு பிரசங்கிக்குப் பட்டம் தர மறுத்திருந்தார். தம்பி சார்லஸ் அப்போது பிரிஸ்டலில்தான் இருந்தார், அவரிடம் சொல்லவில்லை. அறிந்தபோது சார்லஸ் உடைந்து போனார். அந்த கோக்தான் 1813-ன் கடைசியில் இலங்கைக்குக் கப்பலேறி, 1814 மே 3-ல் நடுக்கடலில் மரித்தார். உடன் வந்தவர்கள் ஜூன் 29-ல் காலி வந்திறங்கினார்கள். அவர்களில் இருவர் யாழ்ப்பாணம் போனார்கள். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த சபைகளின் வேர் அங்கிருந்து ஓடுகிறது.

லண்டனில் சிட்டி ரோடு ஆலயத்தின் பின்புறம் ஜானின் கல்லறை, எதிரே பன்ஹில் மயானத்தில் சுசன்னா. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மேரில்போன் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. அதில் சார்லஸ் வெஸ்லியின் நினைவுத் தூண். அண்ணன் கட்டிய ஆலயத்து நிலத்தில் புதைக்கப்பட அவர் சம்மதிக்கவில்லை. அரசுத் திருச்சபையின் மண்ணில்தான் படுப்பேன் என்றார். 1788-ல் அவர் உடலை எட்டு அரசுத் திருச்சபைக் குருமார் சுமந்து வந்து அந்த மண்ணில் இறக்கினார்கள்.