‘ஊட்டி’ என்ற சொல்லை மாற்றிய வேலை

குன்னூரில் நான் பணியாற்றிய சிறிய அலுவலகத்தில், நீலகிரி மாவட்டத்துக்கான தாய்சேய் நலக் கையேடுகள் அனைத்தும் உரைக் கோப்புகளாக இருந்தன. உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என வட்டத்துக்கு ஒன்றாக ஆறு கோப்புறைகள். அவற்றுக்குள் ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் மேலும் பல. எல்லாவற்றிலும் ‘ஊட்டி’யை ‘உதகமண்டலம்’ என்று மாற்றச் சொன்னார்கள்.

கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் (find) கட்டளையால் அவற்றைத் திரட்டி, அந்தப் பட்டியலை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் (xargs) வழியாக, உரையை மாற்றும் கட்டளையான செட்டுக்கு (sed) அனுப்பினேன். இடைவெளியுள்ள கோப்புப் பெயர் இரண்டாக உடைந்துவிடாதபடி, பெயர்களை இடைவெளிக்குப் பதிலாகச் சுழிய பைட்டால் பிரிக்கும் தெரிவையும் சேர்த்திருந்தேன். வேலை நொடியில் முடிந்தது. திறந்து பார்த்தால் ஒரு கோப்பில் ‘உதகமண்டலம்யில் உள்ள மருத்துவமனை’. இன்னொன்றில், ‘சோறு ஊட்டிப் பழக்குங்கள்’ என்ற அறிவுரை ‘சோறு உதகமண்டலம்ப் பழக்குங்கள்’ என்று சிதைந்திருந்தது.

1973-74இல் பெல் ஆய்வகத்தில் லீ மெக்மஹோன் எழுதிய செட், வரி வரியாகப் படித்து, சொன்ன எழுத்து வரிசையைக் கண்ட இடத்தில் மாற்றும். அது ஊர்ப்பெயரா வினையெச்சமா என்று அதற்குத் தெரியாது. ‘பாலூட்டும்’, ‘பாலூட்டி’ போன்ற சொற்கள் தப்பியதற்குக் காரணம், அங்கே ‘ஊ’ தனி உயிராக இல்லாமல் ‘லூ’வுக்குள் கலந்திருந்ததுதான். தமிழில் ஒரு பெயரை மாற்றுவது அதன் வேற்றுமை வடிவங்கள் அனைத்தையும் மாற்றுவது என்பதை நான் முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

பழைய வடிவங்களைத் தனிப் பின்னொட்டோடு சேமிக்கும்படி செட்டுக்குச் சொல்லியிருந்ததால் அனைத்தையும் மீட்டேன். பிறகு, ‘ஊட்டி’யில் தொடங்கி அடுத்த இடைவெளி வரை உள்ள வடிவங்களை, உரையில் தேடும் கட்டளையான கிரெப்பால் (grep) எடுத்து, வரிசைப்படுத்தி, எண்ணிக்கையோடு பட்டியலிட்டேன். ‘ஊட்டியில்’, ‘ஊட்டிக்கு’, ‘ஊட்டியிலிருந்து’ ஆகியவற்றுக்குத் தனித்தனி விதி எழுதினேன். ‘ஊட்டிய’, ‘ஊட்டிப்’ போன்றவை வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தே முடிவு செய்தேன். அந்தப் படிப்புக்கு இரண்டு நாள் ஆனது. அதைக் கட்டளையிடம் விட்டிருக்க முடியாது என்றே இன்றும் கருதுகிறேன்.

அதே வாரம் ‘கொத்தகிரி’ என்ற பிழையைத் திருத்தத் தேடியபோது, கண்ணெதிரே இருந்த சொல் சில கோப்புகளில் கிரெப்புக்கு அகப்படவில்லை. ‘கொ’வின் துணைக்குறியை, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு சிறிய பைத்தான் நிரலால் எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து மீண்டும் தேடியபோது, அதுவரை பட்டியலில் வராத பந்தலூர்க் கோப்புகள் பல வரிசையாக வந்தன.